நான் ஓட வைத்த வரிசை

படம் ஓட்டும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கு,

என் அனுபவங்களை எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். லென்ஸ் துடைப்பதும் அறுந்த ஃபிலிமை ஒட்டுவதும் நான் எழுதித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. முப்பத்தொரு வருடம் இந்த வேலையைப் பார்த்திருக்கிறேன். கை தவறிக் கெடுத்த படங்கள் பல உண்டு. வேண்டுமென்றே கெடுத்தது ஒன்றே ஒன்றுதான். அதைப் பற்றி எழுதுகிறேன். என் மனைவிக்குக்கூட இதை முழுதாகச் சொன்னதில்லை.

ஐம்பதுகளின் கடைசியில், ஊவாத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சுகாதாரப் படம் காட்டும் ஒரு வேனில் நான் ஆபரேட்டராக இருந்தேன். கொக்கிப்புழு, மலேரியா, கொதித்தாறிய தண்ணீர், இவைதான் எங்கள் படங்கள். பசறையிலிருந்து கொஸ்லந்த வரைக்கும் அந்த வேன் ஏறாத மலை கிடையாது. வேனில் நாங்கள் இரண்டே பேர். நான் படம் காட்டுவேன், அழகர்சாமி வண்டி ஓட்டுவான். என்னைவிட நாலைந்து வயது இளையவன். என்னை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவான்.

இரண்டு பேருமே தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர்கள். எங்கள் லயம் பசறைக்கு மேலே; அப்பா அங்கே தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார், அம்மா கொழுந்தெடுத்தாள். ஆனால் நான் பதுளையில் ஒரு தியேட்டரில் தொழில் பழகி, காற்சட்டை போட்டுக்கொண்டு வேனில் ஏறியவன். தோட்டங்களில் என்னைப் ‘படக்கார ஐயா’ என்பார்கள். அவனை ‘டிரைவர்’ என்பார்கள். இந்த வித்தியாசம் எனக்குப் பிடித்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கு ஒரு கனவும் இருந்தது. என் டிரங்குப் பெட்டியில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன். அதில் நான் எடுக்கப்போகும் படத்தின் கதையை எழுதிக்கொண்டு வந்தேன். கதாநாயகன் கங்காணியின் மகன். பாட்டு எந்தெந்த இடத்தில் என்றுகூடக் குறித்திருந்தேன். வேன் வளைவுகளில் திரும்பும்போதெல்லாம் அந்தக் கதையை அழகரிடம் சொல்வேன். அவன் ரோட்டைப் பார்த்தபடி ‘ம்’ கொட்டிக்கொண்டு வருவான். ஆறு வருடம் சொன்னேன். அவன் ஆறு வருடம் கேட்டான்.

ஒருநாள் ஒரு தோட்டத்துத் துரை, தன் நாட்டுக்கே திரும்பிப் போகிறவர், எங்களைப் பங்களாவுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். பழைய சாமான்களை ஆள் ஆளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு சின்னத் தோல் பெட்டியை நீட்டினார். சினிமாக்காரன் நீதானே, உனக்குத்தான் இது என்றார். உள்ளே ஒரு கேமரா. சாவி கொடுத்து ஓடுகிற சின்னக் கேமரா. சாவியைத் திருகினேன், பிடிக்கவில்லை. இன்னொரு தடவை திருகினேன். எல்லாம் தெரிந்தவன் மாதிரி, “ஸ்பிரிங் போயிருச்சுங்க தொரை. இனி இது ஆகாது” என்றேன்.

அழகர் பின்னால் நின்றிருந்தான். “அப்ப நான் எடுத்துக்கிடவாங்க?” என்று கேட்டான்.

பிள்ளைகள் விளையாடக் கொண்டுபோகிறான் என்று நினைத்தேன். அவன் அதைப் பதுளைக் கடைத்தெருவில் கடிகாரம் திருத்துகிற ஒரு பாயிடம் கொண்டுபோயிருக்கிறான். ஸ்பிரிங் அறுந்து போகவே இல்லையாம். அதன் நுனியில் இருக்கும் கொக்கிதான் கழன்றிருந்ததாம். பாய் டீ குடித்து முடிப்பதற்குள் மாட்டிக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு அழகர் அதை என்னிடம் சந்தோஷமாகத்தான் சொன்னான். நானும் சிரித்தேன். அந்தக் கொக்கி அதற்குப் பிறகு பல வருடம் எனக்குள்ளே மாட்டிக்கொண்டு கிடந்தது.

ஃபிலிம் கிடைக்கிறபோது எடுப்பான். கிடைக்காத மாதங்களில் கேமரா சும்மா கிடக்கும். எடுத்ததைக் கழுவக் கடல் கடந்து அனுப்ப வேண்டும். வேனுக்குள் உட்கார்ந்து, பக்கத் திரையை விரலளவு விலக்கிக்கொண்டு எடுப்பான். தோட்டத்தில் துரைமாருக்குத் தெரியாமல் கேமராவை வெளியே எடுக்க முடியாத காலம் அது. என்ன எடுக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. குருவி, மரம், பிள்ளைகள் என்று ஏதோ பிடிக்கிறான் என்று இருந்துவிட்டேன். ஒரே ஒரு தடவை அவனாகவே கேட்டான்.

“அண்ணே, கதையும் இல்லாம பாட்டும் இல்லாம ஒரு படம் இருக்கலாமா?”

“இருக்கலாம். ஆனா அதுக்குப் பேரு படமில்ல” என்றேன்.

இரண்டு வருடம் போனது. பதுளையில் அப்போது ஒரு சினிமாச் சங்கம் இருந்தது. ஆஸ்பத்திரி டாக்டர், கல்லூரி ஆசிரியர்கள், அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தர்கள், இரண்டு மூன்று துரைமார் என்று சேர்ந்து நடத்தினார்கள். கொழும்பிலிருக்கும் வெளிநாட்டுத் தூதரகங்களில் படம் இரவல் வாங்கி, ஒரு மண்டபத்தில் மூன்று நாள் விழா வைத்தார்கள். படம் ஓட்ட என்னைக் கேட்டார்கள். செயலாளராக இருந்தவர் யாழ்ப்பாணத்து டாக்டர். விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் அவர் என்னிடம், “தம்பி, கடைசி நாள் காலமை உங்கட டிரைவரின்ர படத்தையும் போடுறம்” என்றார்.

“எந்தப் படம் சேர்?”

“நீர் இன்னும் பாக்கேல்லையோ? நான் ரெண்டு தரம் பாத்திட்டன். இப்பிடி ஒண்டு இந்த நாட்டில ஆரும் எடுத்ததா எனக்குத் தெரியேல்லை.”

தலையாட்டினேன். வயிறு எரிந்தது. மறுநாள் அச்சடித்த நிகழ்ச்சித் தாள் வந்தபோது எழுத்துக்கு எழுத்து எரிந்தது. பிரெஞ்சுப் படம், போலந்துப் படம், வங்காளப் படம், அதற்குக் கீழே: ‘பரிசோதனைப் படம், அழகர்சாமி, பதுளை’. அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. டாக்டருக்கு அவனை யார் அறிமுகம் செய்தது? என்னிடம் ஏன் முதலில் காட்டவில்லை? காட்டியிருந்தால் மட்டும் நான் என்ன சொல்லியிருப்பேன்? இப்படியே படுக்கையில் புரண்டேன். நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். கங்காணியின் மகன் இன்னும் ஆற்றங்கரையில் பாடிக்கொண்டிருந்தான்.

அழகர் மூன்று தடவை என்னிடம் வந்தான். முதல் தடவை வேனில், “அண்ணே, விழாவுக்கு முன்னாடி ஒருக்கா ஓட்டிப் பாருங்க” என்றான். “அங்கதான் பாக்கப் போறேனே” என்றேன். இரண்டாம் தடவை ரீல் டப்பாவோடு என் அறைக்கே வந்தான். தலைவலி என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். மூன்றாவது, விழாவின் கடைசி நாள் காலையில், படங்கள் தொடங்கும் முன், மண்டபத்தில் நான் வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது.

“அண்ணே, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அதுக்கு முன்னாடி நீங்க படத்தப் பாத்தாகணும்.”

“என்கிட்ட என்ன கேள்வி? டாக்டரு இருக்காரே, அவருகிட்டக் கேளு. அவருதான இப்ப ஒனக்கு எல்லாம்.”

அவன் டப்பாவை மேசையில் வைத்தான். “பேசாத படம் அண்ணே. மெது வேகம், பதினாறு” என்று மட்டும் சொன்னான்.

“எனக்குத் தெரியும், போ.”

நீங்கள் இதைச் செய்யாதீர்கள் தம்பிமாரே. ஒரு படத்தை ஓட்டும் முன் தனியாக ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது படத்துக்காக மட்டுமல்ல, நமக்காகவும்தான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

பதினாறு என்று அவன் சொன்னது உங்களுக்குப் புரியும். ஆனாலும் வேறு யாராவது இதைப் படித்தால் என்று எழுதுகிறேன். பேசாத படத்தை நொடிக்குப் பதினாறு ஃபிரேமாக எடுப்பார்கள், பேசும் படத்தை இருபத்துநாலாக. எங்கள் புரொஜெக்டரில் இரண்டு வேகத்துக்கும் ஒரு சின்னச் சுவிட்ச் உண்டு. பதினாறில் எடுத்ததை இருபத்துநாலில் ஓட்டினால் ஆட்கள் விசுக் விசுக்கென்று பொம்மை மாதிரி துள்ளுவார்கள்.

அழகரின் படத்துக்கு முன்னால் ஓடியது ஒரு பேசும் படம். சுவிட்ச் இருபத்துநாலில் இருந்தது. நான் அதை மாற்றி வைக்கவில்லை, தொடவே இல்லை. ரீலை மாட்டினேன், விளக்கைப் போட்டேன், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றும் செய்யாமலிருந்தே ஒருவனை அழிக்கலாம் என்பது எங்கள் வேலையில் இருக்கும் வசதி.

மண்டபத்தின் பின்னால் பலகை அடித்து மறைத்த சின்ன அறை என்னுடையது. கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தேன். படத்தின் வெளிச்சம் போகிற ஓட்டை வழியாக மண்டபம் முழுக்கத் தெரியும். முன் வரிசையில் சங்கத் தலைவரான வேறொரு தோட்டத்துத் துரையும் அவர் மனைவியும், பக்கத்தில் டாக்டர். அதற்குப் பின்னால் ஆசிரியர்கள், உத்தியோகத்தர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள். தோட்டத்து ஆள் என்று யாரும் இல்லை. அழகர் வெள்ளைச் சட்டை போட்டு, நாற்காலி காலியாக இருந்தும் உட்காராமல், பின்கதவோரம் நின்றான்.

முதலில் ஒரு சிலேட்டு வந்தது. சாக்பீஸால் ‘நிக்கிறோம்’ என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான் தலைப்பு. பிறகு ஒரு வரிசை. விடியற்காலைப் பெரட்டுக் களத்தில் கம்பளி போர்த்துக்கொண்டு வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கிற வரிசை. அது முடிந்ததும் கொழுந்து நிறுக்கிற வரிசை. பிறகு தண்ணீர்ப் பீலியில் குடங்களோடு ஒரு வரிசை. அரிசிக்கு ஒரு வரிசை, மருந்துக்கு ஒரு வரிசை. படம் முழுக்க இதுதான். ஆட்கள் நிற்கிறார்கள். நின்றுகொண்டே இருக்கிறார்கள். வேறொன்றும் நடக்கவில்லை.

ஆனால் மண்டபத்தில் இருந்தவர்கள் அதைப் பார்க்கவில்லை. அவர்கள் பார்த்தது துள்ளுகிற கூட்டத்தை. கூடைக்காரிகள் தலையை வெடுக் வெடுக்கென்று திருப்பினார்கள். ஒருத்தி பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள், மாற்றினாள், மாற்றினாள். ஒரு கிழவர் முதுகைச் சொறிந்தது தந்தியடிப்பது போல இருந்தது. துரையின் மனைவிதான் முதலில் சிரித்தார். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு ஆசிரியர்கள் பக்கம் ஒரு சிரிப்பு. அப்புறம் மண்டபமே சிரித்தது.

எனக்குள் என்ன நடந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். இனித்தது. ஒரு வாரமாக, இல்லை, அந்தக் கொக்கி நாளிலிருந்து உள்ளே இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று தளர்ந்தது. இதுதானா டாக்டரே, யாரும் எடுக்காத படம்?

அழகர் திரும்பி என் அறையின் ஓட்டையைப் பார்த்தான். பிறகு வேகமாக வந்து கதவைத் தட்டினான்.

“அண்ணே. வேகம் கூடிப் போயி ஓடுது. பதினாறுல போடுங்க.”

கையை மடியிலேயே வைத்திருந்தேன். மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

“அண்ணே.” மறுபடி தட்டினான். “அண்ணே, கதவத் தொறங்க.”

திரையில் இடம் மாறியது. பதுளையில் ஒரு அரசாங்க அலுவலகத்தின் நீளத் தாழ்வாரம். தோட்டத்து ஜனங்கள் துணிப்பையில் காகிதங்களை வைத்துக்கொண்டு நின்றார்கள். பிரஜாவுரிமை விசாரணைக்கு வந்தவர்கள். இந்த மண்ணில் பிறந்தவர்கள்தான் என்று காகிதம் காட்டி நிரூபிக்கச் சொல்லி அந்த வருடங்களில் நம் ஆட்களை அலைக்கழித்தது உங்கள் வீடுகளிலும் சொல்லியிருப்பார்கள். அந்த வரிசையின் நடுவில் ஒரு கிழவர் நின்றார். இரவல் கோட்டு, தோள் பெரிது. தலைப்பாகையை எடுத்து முகத்தைத் துடைத்துக் கட்டினார், எடுத்தார், துடைத்தார், கட்டினார். கோழி பார்ப்பது போல் தலையைத் தலையை ரோட்டுப் பக்கம் திருப்பினார். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது.

அது என் அப்பா.

அவர் செத்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருந்தது. விசாரணைக்கு வரச் சொல்லி அப்பாவுக்குக் கடிதம் வந்தது. வேன் பதுளைக்கு வருகிற நாள் என்பதால் அழகரே அவரை ஏற்றிக்கொண்டு வந்தான். நான் அப்பாவோடு வரிசையில் நின்றேன். பத்து நிமிடம் இருக்கும். எனக்குத் தெரிந்த கச்சேரி உத்தியோகத்தர் ஒருவர் அந்தப் பக்கம் போனார். என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார், நீயுமா என்பது போல. எனக்குக் கூசிவிட்டது. “அப்பா, முத்திரை வாங்கிட்டு வந்துர்றேன்” என்று சொல்லிவிட்டு எதிர்ச்சாரியில் இருந்த டீக்கடைக்குப் போய் உள்ளே உட்கார்ந்துகொண்டேன். மதியம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அப்பா ரோட்டுப் பக்கம் யாரைத் தேடுகிறார் என்று அந்த மண்டபத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

கை தானாகப் போய்ச் சுவிட்சைத் தட்டியது.

மோட்டாரின் சத்தம் இறங்கியது. திரையில் எல்லோரும் ஒரு கணம் தண்ணீருக்குள் போனது போல அசைந்தார்கள். பிறகு அவரவர் கனத்தோடு நின்றார்கள். அந்த வரிசை நகரவில்லை என்பதைக் காட்ட அழகர் என் அப்பாவைத்தான் அளவாக வைத்திருந்தான். திரும்பத் திரும்ப அவரிடமே வந்தான். ஒவ்வொரு தடவையும் அவர் அதே தூணுக்குப் பக்கத்தில் நின்றார். வெயில் மட்டும் தூணில் ஏறியது. அப்பா தலைப்பாகையை மெதுவாக எடுத்தார். முகத்தை மெதுவாகத் துடைத்தார். ரோட்டைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். காகிதப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

சிரிப்பு ஒவ்வொரு இடமாக நின்றது. கடைசியாக யாரோ ஒருவர் சிரித்துவிட்டுத் தானே வெட்கப்பட்டது கேட்டது. அதற்குப் பிறகு மெஷின் சத்தம் மட்டும்தான். கதவில் தட்டுவதும் நின்றிருந்தது. கடைசிக் காட்சியில் அலுவலகத்து ஜன்னலை உள்ளேயிருந்து யாரோ சாத்துகிறார்கள். வரிசை கலையவில்லை. சாத்திய ஜன்னலைப் பார்த்தபடி அப்படியே நிற்கிறது. படம் முடிந்தது.

யாரும் கை தட்டவில்லை. டாக்டர் மட்டும் எழுந்து நின்று தட்டினார். பின்னாலிருந்த இரண்டு மூன்று ஆசிரியர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

நான் தாழ்ப்பாளைத் திறந்தபோது வாசலில் அழகர் இல்லை, துரை நின்றார். பின்னால் டாக்டர். துரைக்கு எங்கள் பேச்சு நன்றாக வரும், தோட்டத்தில் ஆள் அதட்டிப் பழகிய பேச்சு.

“எந்தத் தோட்டம் இது? பெரட்டுக்களத்துல படம் புடிக்க யாரு சொன்னது?”

“எனக்குத் தெரியாதுங்க தொரை.”

“சரி. அந்த ரீலைக் குடு. நான் பாத்துட்டு அனுப்புறேன்.”

டாக்டர் தொண்டையைக் கனைத்தார். “அது சங்கத்தின்ர படம் இல்லை. தனிப்பட்ட ஆளின்ர...” என்று இழுத்தார். துரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை நீட்டியபடி நின்றார். எங்கள் வேன் எந்தத் தோட்டத்துக்குப் போகலாம், போகக்கூடாது என்பதில் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு.

படிக்கட்டில் அழகர் நிற்பது அப்போதுதான் தெரிந்தது. அவன் முன்னால் வரவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். அப்பாவைப் பார்த்ததும் என் பொறாமை போய்விட்டது என்று நினைக்காதீர்கள். போகவில்லை. அந்த ரீலைத் துரையின் கையில் வைத்தால் போதும், அது திரும்பி வராது. அந்தப் படமும் இருக்காது, அதை எடுத்தவன் என்ற பேரும் இருக்காது. பழி துரைமேல் போகும். எனக்குப் பயமும் இருந்தது, சாக்கும் இருந்தது, ஆசையும் இருந்தது. மூன்றும் ஒரே பக்கம் இழுத்தன. அந்தப் பக்கம் போகாமலிருக்கப் பிடித்துக்கொள்ள என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, தொழில் வழக்கம். ரீலை யார் கையில் வாங்குகிறோமோ அவர் கையில்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். நல்ல மனம் இல்லாத நேரத்தில் வழக்கமாவது காப்பாற்றும்.

“மன்னிக்கணுங்க தொரை” என்றேன். “எங்கிட்ட ரீல் குடுத்தது டிரைவர். அவர் கையில குடுத்துத்தான் எனக்குப் பழக்கம். நீங்க அவர்கிட்டயே கேட்டுக்கங்க.”

ரீலை டப்பாவில் போட்டு மூடி, துரையின் நீட்டிய கையைத் தாண்டி நீட்டினேன். அழகர் இரண்டு படி ஏறி வாங்கினான். வாங்கியதும் இறங்கிப் போய்விட்டான். துரை ஒரு நிமிடம் என் முகத்தை நினைவில் வைத்துக்கொள்வது போலப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் வேன் கொட்டகையில் அழகர் சக்கரத்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பம்பை நிறுத்தினான்.

“வேகம் கூட இருந்தது ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“மொதல்ல இருந்தேவா?”

“மொதல்ல இருந்தே.”

அவன் கோபப்படுவான் என்று காத்திருந்தேன். பம்பின் பிடியைப் பார்த்துக்கொண்டே பேசினான். “ஒங்க அப்பா அதுல இருக்காருன்னு சொல்லத்தான் மூணு தடவ வந்தேன். நீங்க வேணாம்னா வெட்டிடலாம்னு கத்தரிக்கோலும் கொண்டாந்திருந்தேன்.” அவ்வளவுதான். மறுபடி காற்றடிக்க ஆரம்பித்தான்.

ஒரு மாதத்துக்குள் அவனுக்கு வேலை போனது. வேலை வண்டியைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தினான் என்று கடிதம் வந்தது. எனக்கு ஒரு கடிதமும் வரவில்லை. ஒரு விசாரணைகூட இல்லை. பசறைக் கடைகளிலும் லயங்களிலும் அவனைப் பற்றியே பேசினார்கள். துரைமாரையே படத்தில் பிடித்துவிட்டானாம் என்று இல்லாததையும் சேர்த்துச் சொன்னார்கள். அதைக் கேட்கும்போதும் எனக்கு எரிந்தது, நம்புவீர்களா? வேலையை இழந்தவன்மேல் வேலையில் இருப்பவனுக்குப் பொறாமை. ரீலைக் கொடுக்க மறுத்தவன் நான் என்று யாருக்கும் தெரியவில்லை. தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கூடவே வேக விஷயமும் தெரிந்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

புது டிரைவர் வந்தார். அவரிடம் நான் கதை சொல்லவில்லை.

நாலைந்து மாதம் கழித்து அழகர் என் அறை வாசலில் வந்து நின்றான். மிளகாய், மாவு அரைக்கிற ஒரு மில்லுக்குப் பசறையில் லொறி ஓட்டுகிறானாம். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

“படத்துல நின்ன ஆளுகளுக்கே இன்னும் காட்டல. ஞாயித்துக்கெழம மத்தியானம் மில்லு மூடிருக்கும். மொதலாளி தர்றேன்னுட்டாரு. கரண்டு இருக்கு. மெஷினு டாக்டர் குடுப்பாரு.”

“சரி.”

“ஓட்ட ஆள் இல்ல. அதான் ஒங்ககிட்ட வந்தேன். வேற ஆளு இருந்தா வந்திருக்க மாட்டேன்.” கூடவே சொன்னான். “மொதப் பாதிய டாக்டரத் தவிர இன்னும் ஒருத்தரும் சரியாப் பாக்கல.”

நான் போவது தெரிந்தால் என் வேலையும் போகலாம். அது அவனுக்கும் தெரியும். அதைப் பற்றி அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மில்லுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, படத்தைத் தனியாக ஒரு தடவை முழுக்க ஓட்டிப் பார்த்தேன். சரியான வேகத்தில் முதல் பாதியை அன்றைக்குத்தான் நானும் பார்த்தேன். பிள்ளையை இடுப்பு மாற்றுகிற அந்தப் பெண், ஒவ்வொரு மாற்றலுக்கும் நடுவே எவ்வளவு நேரம் நிற்கிறாள் என்று பார்த்தேன். டாக்டர் சொன்னது சரிதான். நான் எழுதிய நோட்டுப் புத்தகம் முழுவதிலும் அப்படி ஒரு நிமிடம் கிடையாது.

மத்தியானம் சாமான் வாங்கப் பசறைக்கு இறங்கிய ஜனங்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். சாக்கு விரித்து உட்கார்ந்தார்கள். ஜன்னல்களுக்கும் சாக்கு கட்டியிருந்தோம். மாவு படிந்து வெளுத்துப் போயிருந்த பின்சுவர்தான் திரை. மிளகாய் நெடியில் எல்லோரும் தும்மினார்கள். அம்மாவும் வந்தாள். படத்தில் அப்பா இருக்கிறார் என்று முதல்நாளே அவளிடம் போய்ச் சொல்லியிருந்தேன். அவள் முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

சுவிட்சைப் பதினாறில் வைத்து, இரண்டு தடவை பார்த்து உறுதி செய்துகொண்டு ஓட்டினேன்.

அவர்களும் சிரித்தார்கள். வேறு மாதிரிச் சிரிப்பு. “அடியே, அது நீதான்டி.” “ஒன் கூடையப் பாரு, ஓட்டக் கூட.” “கங்காணி மொகத்தப் பாருங்க, காப்பி குடிக்காத மொகம்.” ஒவ்வொரு ஆளுக்கும் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அலுவலகத் தாழ்வாரம் வந்ததும் சத்தம் குறைந்தது. அப்பா வந்தார். அம்மா அசையவில்லை. அவர் ரோட்டைப் பார்த்தபோது அவளும் அவர் பார்த்த பக்கம் தலையைத் திருப்பினாள். அங்கே சாக்கு மூட்டைதான் இருந்தது.

விளக்கைப் போட்டதும் எல்லோரும் அழகரைச் சூழ்ந்துகொண்டார்கள். தோளைத் தொட்டார்கள், கையைப் பிடித்தார்கள். என் பக்கம் யாரும் வரவில்லை. மெஷின்காரனிடம் யார் வருவார்கள்? அம்மா எழுந்து, என்னைத் தாண்டி நேராக அவனிடம் போனாள். அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“எம் மவனும் எத்தனையோ வருசமாப் படம் காட்டுறான் தம்பி. கொசுவக் காட்டுவான், புழுவக் காட்டுவான். எங்க வீட்டு ஆள இன்னைக்கு நீங்கதான் காட்டுனீங்க.”

அழகர் தலையைக் குனிந்துகொண்டான். நான் ரீலில் விரலை வைத்தபடி நின்றேன். வயிறு எரிந்தது, முதல் நாள் எரிந்தது போலவே. இத்தனை வயதில் சொல்கிறேன், அது அணையவே இல்லை. சில வருடம் கழித்து அழகர் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனான், ரீலும் அவனோடு போய்விட்டது. எங்கேயாவது அதை யாராவது ஓட்டுகிறார்களோ என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சுருக்கென்கிறது. நான் ஒரு படமும் எடுக்கவில்லை. இந்த வேலையில் உங்களுக்கும் அந்த எரிச்சல் வரும். அடுத்தவன் எடுத்ததைக் காலமெல்லாம் ஓட்டுகிறவர்கள் நாம். வராது என்று நான் சொல்ல மாட்டேன். அது வயிற்றில் இருக்கட்டும், கைக்கு வரவிடாதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

“இன்னொருக்கா போடச் சொல்லுங்க தம்பி” என்று அன்றைக்கு மில்லில் அம்மா அவனிடம்தான் கேட்டாள்.

அவன் என்னைப் பார்த்தான். நான் ரீலைத் திருப்பிச் சுற்ற ஆரம்பித்திருந்தேன்.